பதினேழாவது கேள்வி

ஜூலை 3, 2023, திங்கள்

கராச்சர்மாவில் ஒன்பது வீடு முடித்தேன். கொரோனா இந்தத் தீவுக் குடும்பங்களை என்ன செய்துவிட்டுப் போனது என்று மெயின்லேண்ட் பல்கலைக்கழகம் ஒன்று ஆய்வு நடத்துகிறது. வீடு வீடாகப் போய்க் கேட்பது நானும் ஷோபனாவும். பதினேழாவது கேள்வி, 'அன்று யாரிடமும் சொல்லாமல் வைத்துக்கொண்டது ஏதாவது?' என் படிவம் ஒன்பதிலும் 'இல்லை'. ஷோபனா பின்பக்கம் வரை எழுதி வருகிறாள். மேற்பார்வை பார்க்கும் சந்திரமோகன் சார் எல்லார் முன்னாலும் அவளைப் புகழ்ந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஜூலை 6

எப்படித்தான் கேட்கிறாள் என்று பார்க்க இன்று அவளோடு போனேன். கேட்கவே இல்லை. போன வீட்டு வேலாயி அக்காவோடு மீன் கழுவ உட்கார்ந்துவிட்டாள். "ஆராம்சே, மெதுவா சொல்லுங்க அக்கா." அந்தம்மா முக்கால் மணி நேரம் அழுதது.

நடிக்கிறாளோ? இல்லை. அதுதான் பொறுக்கவில்லை.

ஜூலை 11

ஆய்வுக்கு வீடு எடுக்கும் குலுக்கலில் எங்கள் வீடே வந்துவிட்டது. சொந்த வீட்டை நான் எடுக்கக் கூடாதாம், ஷோபனா போகிறாள்.

போகட்டும். என் வீட்டுக்காரர் வாயைத் திறந்தால் பார்க்கலாம். 2020 ஏப்ரலில் ராமநாதபுரத்தில் அவர் அம்மா இறந்தபோது கப்பலும் இல்லை, விமானமும் இல்லை. போனில்தான் முகம் பார்த்தார். அதைப் பற்றி இன்றுவரை என்னிடம் ஒரு வார்த்தை கிடையாது.

ஜூலை 12

சாயங்காலம் வந்தால் வாசலில் அவள் செருப்பு. உள்ளே அவர் பேசிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் நிறுத்திவிட்டார். கண் சிவந்திருந்தது.

மூணு வருஷமா பக்கத்துலயே கிடக்கிற எனக்கு இல்லாதது, ஒரு மணி நேரம் வந்தவளுக்கா?

"அந்தப் புள்ள இருந்துச்சு, சொன்னேன்" என்றார். அப்ப நான் எங்க இருந்தேனாம்?

ஜூலை 14

படிவங்களை மாற்றிக்கொண்டு சரிபார்க்கும் நாள். ஷோபனாவின் கட்டு என் மேஜைக்கு வந்தது. ஏழாவது, எங்கள் வீடு. பதினேழின் கீழே பக்கம் முழுக்க எழுத்து. முதல் வரியை மட்டும் படித்தேன், என்னைப் பற்றி அவர் சொன்னது — 'சொல்ல ஆரம்பித்தால் சுகிர்தா அடுத்த கேள்விக்குப் போய்விடுவாள்.'

மூடிவிட்டேன். "இது என் வீடு சார், வேற யாராவது பாக்கட்டும்" என்று கொடுத்துவிட்டேன்.

ஜூலை 16, ஞாயிறு

மாலை நானும் அவரும் மின்னி பே கடற்கரையில் உட்கார்ந்திருந்தோம். நான் ஒன்றும் கேட்கவில்லை. நாக்கைக் கடித்துக்கொண்டு இருந்தேன், அவ்வளவு கஷ்டம். வெகுநேரம் கழித்து அவரே, "எழுதிக்க மாட்டியே?" என்றார்.

"மாட்டேன்."

சொன்னார். இருட்டும்வரை சொன்னார்.

இந்த டைரியிலும் எழுதவில்லை.