ஒன்பதாவது ஜோடி

என்னங்க,

நான் நன்றாக இருக்கிறேன். உங்கள் முதுகுவலி குறைந்ததா? சின்னவள் தலை வாரும்போது அழாமல் நிற்கிறாளா?

பவளப்பாறை பார்க்கப் போகிறவர்களுக்கு இங்கே படகு அலுவலகத்தில் நான்தான் பட்டியல் போடுகிறேன். பத்து நாள் படகிலேயே தங்கி, கடலுக்கடியில் இறங்குவார்கள். யாரும் தனியாக இறங்கக் கூடாது. இருவர் இருவராகத்தான் இறங்க வேண்டும். ஒருவர் மூச்சுக்கு மற்றவர் காவல். பதினாறு பேரை எட்டு ஜோடியாக எழுதினேன்.

நேற்றுப் பயிற்சியாளர் பட்டியலோடு வந்து, "ஒன்பதாவது ஜோடி யாரும்மா?" என்றார். வாங்கிப் பார்த்தால் என் பெயர், பக்கத்தில் உங்கள் பெயர். என் கையெழுத்தேதான். எப்போது எழுதினேன் என்று எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை.

"இவரு நல்லா நீந்துவாரா?"

"வாளித் தண்ணியில குளிக்கவே யோசிப்பாருங்க," என்றேன். இருவரும் சிரித்துவிட்டோம்.

கவலைப்படாதீர்கள், வேலைக்கு ஆபத்தில்லை. தூக்கக் கலக்கமாக இருக்கும் என்று சொல்லிவைத்தேன். ஆனால் நான் நன்றாகத் தூங்கி எழுந்துதான் போயிருந்தேன். அதுதான் குழப்பம்.

உங்கள் பழைய சட்டை ஒன்று அனுப்புங்கள், மேசை துடைக்க. துவைக்காவிட்டாலும் பரவாயில்லை.

தபால் எடுக்க ஆள் வந்துவிட்டார். பட்டியலில் நம் பெயர்களை அடித்துவிட்டேன். ஆனால் படகில் நமக்கென்று இரண்டு கட்டிலோடு ஓர் அறை ஒதுக்கிவிட்டார்கள். அதை ரத்து செய்யச் சொல்ல வேண்டும். காலையிலிருந்து மூன்று முறை எழுந்து, மறுபடி உட்கார்ந்துவிட்டேன். ஏன் என்று உங்களுக்காவது தெரிகிறதா?

இப்படிக்கு,
ஒன்பதாவது ஜோடியில் பாதி