இரண்டு தூம்பாவுக்கும் ஒரே கறுப்பு

என் லூர்து அண்ணனுக்கு,

நீ உயிரோடு இருந்தவரை உன்னிடம் நேராக நாலு வார்த்தை பேசாதவள், நீ மண்ணுக்குள் போய் இரண்டு வருஷம் கழித்துக் கடிதம் எழுதுகிறாளே என்று நீ சிரிப்பாய். சிரி. ஆனால் முழுசாகக் கேட்டுவிட்டுச் சிரி.

மில்லுக்குத் திரும்பவும் பூட்டுப் போட்டிருக்கிறார்கள். கேட் எதிரில் பந்தல் போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள் உன் ஆட்கள். கோயிலுக்குப் புதுச் சாமியார் வந்திருக்கிறார், சின்ன வயசு. கடவுள் ஏழையின் பக்கம் நிற்கிறார், நியாயத்துக்குப் போராடுவதுதான் விசுவாசம் என்று பிரசங்கத்தில் பொளந்து கட்டுகிறார். பூசை முடிந்ததும் நம் தெருக்காரர்கள் வடக்கு வாசல் வழியாகத்தான் வெளியே வருகிறோம். யாரும் போ என்று சொல்வதில்லை. கால் தானாகப் போகிறது.

அவருக்குத் தூம்பா சங்கதி இன்னும் தெரியாது. செத்தவர்களுக்குக் கோயில் இரவல் கொடுக்கிற பெட்டி. கல்லறைத் தோட்டம் வரை அதில் தூக்கிப்போய், உடம்பை மண்ணில் இறக்கிவிட்டு, காலிப் பெட்டியைத் திரும்பக் கொண்டுவந்து வைக்கிறோம். ஒரு பெட்டிதானே இருக்கும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார், பாவம். பெரிய தெருக்காரர்களுக்கு ஒன்று, நமக்கு ஒன்று. "கால் மணி நேரம் படுத்துப் போற பெட்டி, அதுலயுமாடா ஜாதி?" என்று நீ கத்துவாயே, இப்போதும் காதில் கேட்கிறது.

அதனால்தான் பழைய சாமியார் இரண்டையும் பழுது பார்க்கச் சொன்னபோது வாயை மூடிக்கொண்டு ஒத்துக்கொண்டாய். மில்லில் தச்சுவேலை பார்த்த கை ஆயிற்றே. இரண்டையும் ஒரே அளவுக்கு அறுத்தாய், ஒரே மாதிரிச் சிலுவை அடித்தாய், ஒரே டப்பாக் கறுப்பைப் பூசினாய். உன் கூட்டாளி அந்தோணிதான் பலகை தேய்த்தான். "எது யாருதுன்னு இனிமே அந்த மாதாவுக்கே தெரியாதுடா லூர்து" என்று அவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். டீ கொண்டுவந்த நானும் சிரித்தேன்.

ஆனால் எனக்குத் தெரியும். நம் பெட்டியில் தலைமாட்டுப் பலகையின் உள்பக்கம் ஒரு கணு உண்டு. அம்மாவைக் கிடத்தியபோது அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் நான் அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தேன். நீ எத்தனை பூச்சுப் பூசினாலும் விரலுக்கு அது தட்டுப்படும்.

அந்த மாசமே பெரிய தெரு சொல்தா செத்தார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த மனுஷன், மெடல் எல்லாம் குத்தி அமர்க்களமாக அடக்கம் பண்ணினார்கள். ஒரு வாரம் கழித்து அவர் வீட்டுக்கு ஒரு சந்தேகம் வந்தது: அப்பாவை எந்தப் பெட்டியில் தூக்கினோம்?

கோயில் உபதேசியார் என்னைத் தேடி வந்தார். நான் பள்ளிக்கூடம் கூட்டிக்கொண்டிருந்தேன். என் மகள் ஸ்டெல்லாவை கான்வென்டில் ஆறாவது சேர்க்க அவரிடம்தான் சிபாரிசுக் கடிதம் கேட்டிருந்தேன். "மேரி, பொண்ணுக்கு சீட்டு வேணுமில்ல? உங்க பெட்டி எதுன்னு மட்டும் காட்டு. வேற ஒண்ணும் கேக்கல" என்றார்.

ரொம்ப நேரம் யோசித்தேன், அழுதேன் என்றெல்லாம் எழுத ஆசைதான். இல்லை அண்ணா. விளக்குமாற்றைச் சுவரில் சாத்திவிட்டுப் போனேன். கொட்டகைக்குள் இரண்டு பெட்டிக்குள்ளும் கையை விட்டுத் தடவினேன். "இதுதாங்க" என்றேன். அவ்வளவுதான்.

கடைசியாகத் திரும்பி வந்து வாசல் பக்கம் நின்ற அந்தப் பெட்டியில்தான் சொல்தா போயிருந்தார். அவர் கல்லறைக்கு மறுபடியும் தீர்த்தம் தெளித்தார்கள். செத்தவருக்கு எந்தத் தீட்டு ஒட்டியதோ! நம் பெட்டிக்குக் கால்மாட்டில் ஒரு முழ நீளத்துக்கு வெள்ளைக் கோடு போட்டார்கள், இனிமேல் தப்பு நடக்காதபடி. ஸ்டெல்லாவுக்கு சீட்டு கிடைத்தது.

நீ அந்தோணியைத்தான் சந்தேகப்பட்டாய். பலகை தேய்த்தவன் அவன், அவனைத் தவிர யாருக்குத் தெரியும் என்றாய். ஷிப்டு விடுகிற நேரம், மில் கேட்டில், அத்தனை பேர் எதிரில் அவன் கன்னத்தில் அறைந்தாய். "வித்துட்டியேடா!" என்றாய். அவன் கை ஓங்கவில்லை. நான் உன் டிபன் கேரியரைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் இல்லையா?

அந்தோணி நம் தெருவில் தலைகாட்ட முடியாமல் கருவடிக்குப்பத்துக்குக் குடிபோனான். உனக்குப் பஞ்சுத் தூசி நெஞ்சில் ஏறி, இருமி இருமி இரண்டு வருஷத்தில் முடிந்தது. "கோடு போட்ட பொட்டியில என்னத் தூக்காதீங்க. பாயில சுருட்டிக் கொண்டு போங்க" என்று கடைசியாகக் கேட்டாய். உபதேசியார் கோடு போட்டதைத்தான் கொண்டுவந்து இறக்கினார். நான் "சரிங்க" என்றேன். ஸ்டெல்லா அப்போது எட்டாவது.

உன் கால்மாட்டைத் தூக்கினது யார் தெரியுமா? அந்தோணி. செய்தி கேட்டு ஓடிவந்துவிட்டான். கல்லறை வரைக்கும் அந்த வெள்ளைக் கோடு அவன் கன்னத்தில் உரசிக்கொண்டே போனது. நீ அறைந்த அதே கன்னம். நான் பின்னால் பார்த்துக்கொண்டே நடந்தேன்.

போன மாசம் அவன் வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிட்டேன். அவன் பீடியைக்கூடக் கீழே வைக்கவில்லை. "தெரியும் மேரி. அன்னிக்கு டிபன் கேரியரோட நின்னியே, ஒன் மூஞ்சியப் பாத்ததுமே தெரிஞ்சுபோச்சு."

"அப்பவே ஏண்ணே சொல்லல?"

"சொல்லி? அவனுக்குப் பொண்டாட்டியா புள்ளையா? ஒன்னையும் தொரத்திட்டா அவனுக்கு யாரு சோறு போடுவா?" அப்புறம் என்னைப் பார்த்தான். "அதுக்காக மன்னிச்சிட்டேன்னு நெனச்சுக்காத. எழுந்து போ."

எழுந்து வந்துவிட்டேன். பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொன்னால் பத்து அருள்நிறை மந்திரம் சொல்லச் சொல்லி முடித்துவிடுவார். எனக்கு அது போதாது.

இந்தக் கல்லறைத் திருநாளன்று சாமியார், பெரிய தெருக் கல்லறைகளையும் நம்முடையதையும் பிரிக்கிற நடுச்சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தீர்த்தம் தெளித்து முடித்ததும், உன் மேட்டருகில் நின்று இந்தக் கடிதத்தைச் சத்தமாக வாசிக்கப் போகிறேன். ஸ்டெல்லா பத்தாவது, பரீட்சை வருஷம். அவளுடைய சீட்டு எப்படி வந்தது என்று அவளும் அன்றைக்குத்தான் கேட்பாள். கான்வென்டில் வைத்திருந்தால் வைத்திருக்கட்டும், துரத்தினால் துரத்தட்டும்.

அந்தோணிக்கும் ஆள் சொல்லி அனுப்பியிருக்கிறேன். வருவானோ, மாட்டானோ. நீ ஆள் தெரியாமல் அடித்த அந்த அறை எனக்குச் சேர வேண்டியது அண்ணா. அவன் கையால் அதை வாங்காமல் உன் பக்கத்தில் வந்து படுக்க மாட்டேன்.

இப்படிக்கு,
நீ ஒருநாளும் சந்தேகப்படாத உன் தங்கச்சி,
மேரி