கிடங்கில் கிடந்த நான்கு வருடம்

நவம்பர் 3, திங்கள். கட்டபெட்டு

காலையிலிருந்து மழை. கரண்ட் இரண்டு தரம் போய்வந்தது. மூன்று மணி நேரம் ஓட வேண்டிய கணக்கு இரண்டு தரமும் பாதியில் செத்தது. எரிச்சலில் டீயைப் புடவையில் கொட்டிக்கொண்டேன்.

மூன்றாம் தரம் முடிந்தது. பதினாலு வருடம்! வேக அணு உலையில் எரித்த எரிபொருளிலிருந்து புளுட்டோனியத்தைப் பிரித்து, திரும்பத் திரும்பப் போட்டு, இன்னொரு உலைக்கு வேண்டியது சேர எத்தனை வருடம் ஆகும் என்று கணினியில் ஓட்டிப் பார்ப்பதுதானே மூன்று வருடமாக என் பிழைப்பு. பதினைந்துக்குள் வந்தால் திட்டத்துக்கு இரண்டாம் கட்டம் உண்டு. என் வேலையும் நீளும். மேலதிகாரி மனோகரன் சார் போனில், "பிரமாதம்மா இந்துமதி! பத்தொன்பதாம் தேதி கமிட்டியில வெச்சிடலாம்" என்றார்.

சந்தோஷப்பட வேண்டியதுதானே? அந்த எண்ணையே திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

நவம்பர் 5

இவ்வளவு நன்றாக வராதே. எங்கேயோ இடிக்கிறது.

நவம்பர் 8, சனி

என் வீட்டுக்காரர் தினகரன் மத்தியானமே வந்துவிட்டார். தேயிலை ஃபாக்டரியில் கொழுந்து இறக்குவது அவர் பொறுப்பு. பாதையில் மண் சரிந்து லாரி ஒரு நாள் முழுக்க நின்றதாம்.

"இறக்கலீங்களா?"

"எங்க இறக்கறது? மூட்டைக்குள்ள கைய வெச்சா சுடுது. சீட்டுல பறிச்ச நேரம் நேத்துக் காலைல. பறிச்ச நிமிஷத்துலருந்தே இலை கெட ஆரம்பிச்சிரும், லாரி வந்த நேரத்தையா நாங்க பாப்போம்? திருப்பி அனுப்பிட்டேன்."

சோற்றில் கை வைத்தவள் எழுந்துவிட்டேன்.

"ஏம்புள்ள, சோறு ஆறுது!"

"ஆறட்டுங்க."

பிரித்த புளுட்டோனியம் மறுபடி எரிபொருளாகும் வரை கிடங்கில் சராசரியாக நான்கு வருடம் கிடக்கிறது. அதில் 241 என்ற வகை, சும்மா கிடந்தாலே வேறொன்றாக மாறிக் குறைந்துகொண்டே போகும். காலேஜ் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம். என் நிரலில் கிடங்குக்கு அந்தத் தேய்மானம் — பூஜ்யம்! முதல் வருடம், சீக்கிரம் ஓடட்டும் என்று நானே அணைத்து வைத்த வரி. பக்கத்தில் நானே எழுதிய குறிப்பு: தற்காலிகம். அட லூசே, மூணு வருஷமாடி தற்காலிகம்?

நவம்பர் 9

திருத்தி ஓட்டினேன். பதினேழு.

நவம்பர் 10

சாரிடம் சொன்னேன். அவர், "யாரும்மா அந்த வரியப் பாக்கப் போறாங்க? இரண்டாம் கட்டத்துல திருத்திக்கலாம். உங்க வேலைக்கும் சேத்துத்தான் சொல்றேன்."

நல்ல மனுஷன். அதுதான் கஷ்டமாக இருக்கிறது.

நவம்பர் 14

சும்மா இருந்துவிட்டால் என்ன? வேலை போனால் இந்த மலையில் எனக்கு என்ன இருக்கிறது — லவ்டேல் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கவா? பயமாக இருக்கிறது. எதையும் ஒழுங்காகச் செய்ய முடியவில்லை. தினகரனிடம் கத்தினேன்: "அந்த லோடை நீங்க இறக்கியிருந்தா யாருக்குத் தெரிஞ்சிருக்கும்?"

"நல்ல இலையும் சேந்து நாசமாயிருக்கும். அதுக்கு என்னைய எதுக்குப் புடிச்சுக் கத்தறே? உன்ற சாரைப் போய்க் கத்து."

சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

நவம்பர் 19, புதன்

கமிட்டி, வீடியோவில். பதினேழு என்று சொன்னேன். அந்த வரியையும், அணைத்தது நான்தான் என்பதையும் காட்டினேன். மனோகரன் சார் கேமராவை அணைத்துவிட்டார்.

நவம்பர் 28

கடிதம் வந்தது. இரண்டாம் கட்டம் இல்லை. முப்பதாம் தேதியோடு என் ஒப்பந்தம் முடிகிறது. குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

டிசம்பர் 11, வியாழன்

வேலை போய்ப் பதினோரு நாள். கேரட் நறுக்கிக்கொண்டிருந்தபோது ஷைனாவின் மெயில். என்னிடம் பயிற்சிக்கு வந்தவள். என் நிரலைப் பிரதி எடுத்துக்கொண்டு வேறொரு ஆய்வுக்கூடத்துக்குப் போனவள்.

"அக்கா, கமிட்டியில நீங்க சொன்னதைக் கேள்விப்பட்டு எங்க பிரதியைப் பார்த்தோம். அதே வரி, அப்படியே இருக்கு. அடுத்த வாரம் போக வேண்டிய எங்க அறிக்கையை நிறுத்திட்டோம். கோவிச்சுக்காதீங்க, வேற எங்கெல்லாம் அணைச்சு வெச்சிருக்கீங்க?"

கழுதை! கையைத் துடைத்துக்கொண்டு லேப்டாப்பில் என் பழைய நிரலைத் திறந்து, 'தற்காலிகம்' என்று தேடினேன்.

இன்னும் ஆறு இடம்.

கேரட் அப்படியே கிடக்கிறது. முதலாவதிலிருந்து ஆரம்பித்திருக்கிறேன்.