லேபிள் ஒட்டாத ஒரு சிடிக்கு அனுமதி கோரும் மனு

அனுப்புநர்
பதினான்காம் எண் படுக்கை நோயாளியின் கணவர்,
டயர் கடையில் வீல் பேலன்சிங் பார்ப்பவர்,
இதயப் பிரிவு, இரண்டாம் மாடி.

பெறுநர்
மருத்துவமனைக் கண்காணிப்பாளர் அவர்கள்,
முதல் மாடி.

பொருள்: ஆஞ்சியோகிராம் படம் சிடியில் பதிவாகாமை – காரணம் கண்டறியப்பட்டது – லேபிள் ஒட்டாமல் எழுத அனுமதி வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: "நோயாளியின் லேபிள் ஒட்டிய பிறகே எந்தச் சிடியும் டிரைவுக்குள் போக வேண்டும்" என்ற தங்கள் ஆணை.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இது புகார் மனுதான். ஆனால் யார் மீது புகார் என்று எழுத உட்கார்ந்தால் ஒருவரும் அகப்படவில்லை. ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

1. என் மனைவிக்குத் திங்கட்கிழமை இங்கே ஆஞ்சியோகிராம் எடுத்தார்கள். மூன்று இடத்தில் அடைப்பு. அறுவை சிகிச்சை இங்கே கிடையாது, பெரிய மருத்துவமனையில்தான். அங்குள்ள மருத்துவர்கள் வெள்ளிக்கிழமை காலை கூடி, யாருக்கு முதலில் என்று முடிவு செய்கிறார்கள். படம் சிடியில் வந்தால்தான் அவள் பெயர் பட்டியலில் ஏறும். காகித அறிக்கை போதாதாம். அடுத்த கூட்டம் மூன்று வாரம் கழித்து. அதுவரை இவள் தாங்குவாளா என்று இங்குள்ள டாக்டரிடம் கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அங்கே போய் இன்னொரு முறை படம் எடுத்துக்கொள்ளலாம் என்றால், படத்துக்காக இரத்தக் குழாயில் செலுத்தும் சாயத்தை அவள் சிறுநீரகம் மறுபடி ஏற்காது என்கிறார்கள். பென் டிரைவ் செருகும் இடங்களையெல்லாம் வைரஸுக்குப் பயந்து அடைத்து வைத்திருக்கிறார்கள். ஆக, சிடி ஒன்றுதான் வழி.

2. அந்தப் படத்தை நான் பார்த்துவிட்டேன் ஐயா. சிடி எழுதும் அறையின் டெக்னீஷியன் அம்மா, நான் மூன்றாவது தடவையாக வாசலில் வந்து நின்றதும் மனம் இரங்கித் திரையை என் பக்கம் திருப்பினார். கறுப்பு வெள்ளையில் என் மனைவியின் இதயம்! சாயம் பாய்ந்ததும் குழாய்கள் கிளை கிளையாகத் தெரிந்தன, துடித்தன, மறைந்தன. மறுபடி பாய்ந்தது, மறுபடி துடித்தன. அவள் என்னிடம் பேசாமல் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்த நாட்களிலும் அது இப்படித்தான் ஓயாமல் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். "வழிய விடுங்கண்ணே, ட்ராலி வருது" என்று ஓர் ஆயா அதட்டிய பிறகுதான் எங்கே நிற்கிறேன் என்பதே நினைவுக்கு வந்தது.

3. திரையில் தெரியும் அந்த அதிசயம் சிடிக்குள் போக மாட்டேன் என்கிறது. இதுதான் என் குறை. வெற்றுச் சிடியைப் போட்டால் டிரைவ் வாங்கிக்கொள்கிறது, சுழல்கிறது, பாதியில் "எழுத இயலவில்லை" என்று வெளியே துப்பிவிடுகிறது. பதினெட்டு நாளாக இதே கூத்தாம். வராந்தாவில் என்னைப் போல் இன்னும் ஆறு குடும்பம் காத்திருக்கிறது. டெக்னீஷியன் அம்மா சும்மா இருக்கவில்லை. லென்ஸைத் துடைத்தார். வேறு கம்பெனி சிடி வரவழைத்தார். கேபிளை மாற்றினார். எழுதும் மென்பொருளை நீக்கிவிட்டுப் புதிதாக ஏற்றினார். டிரைவையே கழற்றிவிட்டு, அதே மாதிரியில் வேறொன்றைப் பொருத்தினார். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, ஒவ்வொன்றையும் தேதி போட்டு நோட்டில் எழுதியிருக்கிறார். எனக்குத் தெரிந்த மெக்கானிக்குகளில் பாதிப் பேருக்கு இந்தப் பொறுமை கிடையாது. எனக்குச் சுத்தமாகக் கிடையாது. முப்பத்தொரு சிடி பாழானதற்கு விளக்கம் கேட்டு அவருக்குத் தங்கள் அலுவலகத்திலிருந்து மெமோ வந்திருக்கிறது. அதை மடித்து விசைப்பலகைக்கு அடியில் செருகிவிட்டு, அவர் முப்பத்திரண்டாவதைப் போட்டார்.

4. அப்போது நான் மேசை ஓரமாக நின்றிருந்தேன். முதலில் சன்னமான ரீங்காரம் கேட்டது. வேகம் ஏற ஏறக் கம்ப்யூட்டர் பெட்டி நடுங்கியது. மேசை மேலிருந்த பேனா தானாக உருண்டு கீழே விழுந்தது. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. இந்த நடுக்கத்தை நான் தினம் பார்க்கிறவன் ஐயா. சக்கரத்தில் ஒரு பக்கம் கொஞ்சம் கனம் கூடினால் போதும், மெதுவாகப் போகும்போது ஒன்றும் தெரியாது, வேகம் எடுத்தால் ஸ்டீயரிங் கையில் நிற்காது. "ஏம்மா, இதுல ஒரு பக்கம் மட்டும் கனமா ஏதாவது இருக்கா?" என்று கேட்டேன். அவர் சிடியை வெளியே எடுத்தார். பெயர், வயது, எண் அச்சடித்த கெட்டித்தாள் லேபிள் ஓர் ஓரமாக ஒட்டியிருந்தது. அதன் மேல் மருத்துவமனை முத்திரைத் தாள் வேறு. அவர் "ஐயய்யோ" என்று தலையில் கை வைத்துக்கொண்டார்.

5. பிறகு நோட்டைப் புரட்டினார். பழைய டிரைவ் மெல்லச் சுழலும் வகை, லேபிளையும் சுமந்துகொண்டு எழுதித் தந்திருக்கிறது. அது பழுதாகி வேகமான புதியது வந்த அன்றுதான் இந்தக் கோளாறு தொடங்கியிருக்கிறது. வேகத்தைக் குறைக்க அந்த மென்பொருளில் வழியில்லையாம். எல்லாரும் டிரைவைத் திட்டித் தீர்த்தார்கள். எல்லாவற்றையும் மாற்றிப் பார்த்த அந்த அம்மா லேபிளை மட்டும் தொடவில்லை, ஏனென்றால் அது தங்கள் ஆணை. ஆணையில் போய்க் கோளாறு தேட வேண்டும் என்று யாருக்குத் தோன்றும்?

6. உடனே லேபிள் இல்லாத சிடி ஒன்றைப் போட்டு, எந்த நோயாளியுடையதும் அல்லாத ஒரு சோதனைப் படத்தை எழுதிப் பார்த்தார். டிரைவ் மூச்சுக்கூட விடவில்லை. நான்கே நிமிடம். "எழுதிருச்சுண்ணே!" என்று கை தட்டினார். அந்தச் சிடியை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். எழுதிய இடம் எழுதாத இடத்தைவிட ஒரு சாயல் கறுத்து, வளையமாகத் தெரிந்தது. கீறல் இல்லை, மை இல்லை. வெறும் ஒளி தொட்டதற்கே அப்படி ஒரு தடம்! கையில் வைத்திருக்கவே பயமாக இருந்தது, இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தேன்.

7. "அப்படியே என் வீட்டுக்காரி படத்தையும் எழுதிடுங்கம்மா" என்றேன். அவர் கையை இழுத்துக்கொண்டார். "சூப்பிரண்டு ஐயா எழுதிக் கொடுத்தா எழுதறேண்ணே. முன்னாடி ஒருத்தரோட சிடி இன்னொருத்தர்கிட்ட போயி, பாதி வழியில திருப்பிக் கூப்பிட்டோம். சிடி மாறிப்போன அந்த நோயாளி அம்மா அழுதது இன்னும் என் காதுல இருக்கு. அதுக்கப்புறம் போட்ட ஆர்டர் இது. நானா மீற மாட்டேன்." எனக்கு வந்த கோபத்தில் ஏதேதோ கத்திவிட்டேன். அதற்கு இந்த மனுவிலேயே அவரிடம் மன்னிப்புக் கேட்கிறேன். வராந்தாவில் வந்து உட்கார்ந்த பிறகுதான் புரிந்தது. விளக்கம் கேட்டு வந்த மெமோ கைக்கடியில் கிடக்க, நான் எதிரே நின்று கத்த, முகம் தெரியாத யாரோ ஒருவருடைய இதயம் தடம் மாறிவிடக் கூடாதே என்று அவர் அசையாமல் நின்றிருக்கிறார். இப்படிப்பட்டவர் கையில்தான் என் மனைவியின் படம் இருக்கிறது என்று நினைத்தபோது கண் கலங்கிவிட்டது.

8. தங்கள் ஆணையின் நோக்கத்தில் எனக்குக் குறையே இல்லை. ஒவ்வொரு படத்தின் மூலையிலும் நோயாளியின் பெயரும் எண்ணும் தாமாகவே பதிந்திருக்கின்றன. எழுதி முடித்ததும் அதைத் திரையில் ஒரு முறை சரிபார்த்துவிட்டு, சிடியின் நடு வளையத்தில் மார்க்கர் பேனாவால் எண்ணைக் குறித்தால் ஆள் மாற வழியில்லை, கனமும் ஏறாது; எழுதிய பிறகு லேபிள் ஒட்டினாலோ, அங்கே படிக்கும்போது இதே நடுக்கம் வரும். இது டெக்னீஷியன் அம்மாவே சொன்ன யோசனை. ஆகவே லேபிள் இன்றி எழுத இன்றே அனுமதி தரவும், அந்த ஆறு குடும்பத்துக்கும் அதுவே பொருந்தும்படி செய்யவும், அவருக்குக் கொடுத்த மெமோவைத் திரும்பப் பெறவும் வேண்டுகிறேன். பெரிய மருத்துவமனைக்குப் போக ஒரு பகல் பயணம். நாளைக் காலை புறப்பட்டால்தான் வெள்ளிக்கிழமை அங்கே நிற்க முடியும். இந்த மனுவின் ஓரத்திலேயே தாங்கள் ஒரு வரி எழுதிக் கையெழுத்திட்டால் போதும்.

இதை எழுதி முடித்து, பிழை பார்க்கச் சொல்லி என் மனைவியிடம் கொடுத்தேன். படுத்தபடியே முழுவதும் படித்தாள். "என் இதயத்தப் பத்தி ஆபீசருக்கு மூணு பக்கம் எழுதியிருக்கீங்க. பத்தொன்பது வருஷத்துல எனக்கு நாலு வரி எழுதினதில்லையே?" என்றாள். அவள் சொன்னது நிஜம். நான் எழுத வேண்டும் ஐயா, அவள் இருந்து படிக்க வேண்டும். அந்த ஒரு வரியைத் தாங்கள் இன்றைக்கே எழுதித் தாருங்கள்.

இடம்: தங்கள் அறை வாசல் பெஞ்சு
நாள்: புதன்கிழமை, காலை பதினொன்றே கால்

இங்கேயே காத்திருக்கும்,
(ஒப்பம்)
பதினான்காம் எண் படுக்கை நோயாளியின் கணவர்