இரண்டு குழாய்க்கு ஒரே வாய்

மார்ச் 4, செவ்வாய்

அனலைசரைச் சோதிக்கச் சிலிண்டர்கள் வந்துவிட்டன. ஒன்றில் சுத்த நைட்ரஜன், மற்றதில் அளந்து அடைத்த ஆக்சிஜன் கலவை. சுவரோடு சங்கிலி போட்டுக் கட்டி, இணைப்புகளில் சோப்பு நுரை தடவிப் பார்த்தோம். ஒரு குமிழிகூட இல்லை. உலைப் புகையில் எவ்வளவு ஆக்சிஜன் மிச்சம் என்று இந்த அனலைசர் சொல்லும். அதைக் கேட்டுத்தான் உலைக்குக் காற்று போகும். சிலிண்டர் வாயுவைக் கொடுத்தால் புள்ளி பிசகாமல் காட்டுகிறது.

வெளியேறும் குழாயும் முடிந்தது. அனலைசருக்குள் போய் வரும் வாயு, உள்ளே போகாமல் பக்கவாட்டில் ஓடும் உபரிப் புகை, இரண்டையும் ஒரே குழாயில் சேர்த்துக் கூரைக்கு மேலே விட்டிருக்கிறேன். கூரையில் ஒரே ஓட்டை. பார்க்க லட்சணமாக இருக்கிறது. நான் வரைந்த படம், நானே சொல்லிக்கொள்ளக் கூடாதுதான்.

மார்ச் 6

சிறு தீயில் உலையை ஓட்டினார்கள். அனலைசர் 3.4 சதவீதம் என்கிறது, ஒத்துப் பார்க்க வைத்திருக்கும் கைக்கருவி 2.9 என்கிறது. சிலிண்டர் கொடுத்தால் மறுபடி சரி!

உற்பத்தி மேலாளர் (முதுகுக்குப் பின்னால் அவர் பேர் ‘அவசரம்’) வந்து நின்றார். “சிலிண்டர்ல சரியா காட்டுதுல்ல? அப்புறம் என்னம்மா? கைக்கருவியைத் தூக்கி ஓரமா வைங்க. திங்கக்கிழமை முழுத் தீ.”

உள்ளதைவிட அதிக ஆக்சிஜன் காட்டினால் காற்று குறைக்கப்படும். எரியாத வாயு உலைக்குள் சேரும். வெடிக்கலாம். உலை வாசலில் எப்போதும் இரண்டு பேர் நிற்கிறார்கள். முழுத் தீ ஏற்றக் கையெழுத்து நான் போட வேண்டும்.

மார்ச் 7

சாப்பாடு இறங்கவில்லை. “மெஷின் உன்னைவிட மோசமா முறைக்குதா?” என்றார் கணவர். சிரித்துவிட்டேன். நல்லவேளை, இந்த வீட்டுக்கு வந்தேன்.

மார்ச் 8, சனி

என் மகளுக்கு ஆயுசு நூறு!

உலையில் சிறு தீ. சிலிண்டரைத் திறக்கும் நேரத்தில் போன். “அம்மா, என் சார்ஜரை எங்க வச்சே?”

“என் தலையில வச்சிருக்கேன். வந்து எடுத்துக்கோ.”

அந்த எரிச்சலில் உபரிப் புகையின் வால்வை மூட மறந்துவிட்டேன். சோதிக்கும்போது அதை மூடுவது எங்கள் வழக்கம். நிமிர்ந்து பார்த்தால் சிலிண்டர் வாயுவையும் அதிகமாகக் காட்டுகிறது! வால்வை மூடினேன் – இறங்கியது. திறந்தேன் – ஏறியது.

உபரிப் புகை வேகமாக ஓடுகிறது. குழாய் ஒன்றே என்பதால் அனலைசர் மூச்சு விட முடியாமல் உள்ளே அழுத்தம் ஏறுகிறது. அழுத்தம் ஏறினால் கணக்கும் ஏறும். சோதிக்கும்போதெல்லாம் வால்வை நானே மூடிவிட்டு, சரியாக இருக்கிறது என்று நானே பூரித்திருக்கிறேன். லட்சணமாம் லட்சணம்.

மேலாளரிடம் போனேன். “தனிக்குழாய் போடணும் சார். கூரையில இன்னொரு ஓட்டை. திங்கக்கிழமைக்குள்ள முடியாது.”

“யார் போட்ட படம்?”

“நான்தான்.”

கத்தப்போகிறார் என்று நினைத்தேன். போனை எடுத்து மேலிடத்தில் பேசினார். “தள்ளித்தான் சார் ஆகணும்... யார் தப்புன்னு இப்ப எதுக்கு? என் ஆளுங்க உலை முன்னாடி நிக்கறாங்க. இவங்க கையெழுத்து இல்லாம தீ ஏத்த மாட்டேன்.” வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். “என்ன நிக்கறீங்க? வெல்டரைக் கூப்பிடுங்கம்மா.”

கழிப்பறையில் போய் அழுதேன். இந்த மனிதரை எத்தனை நாள் கிண்டல் செய்திருக்கிறேன்?

மார்ச் 12

கூரைமேல் இரண்டு குழாய், எட்ட எட்ட. கண்ணுக்கு அழகில்லை. அனலைசர் 2.8, கைக்கருவி 2.8. கையெழுத்து போட்டேன். முழுத் தீ.

உலை வாசலில் நிற்கும் இருவரில் மூத்தவர், “என்னம்மா, எங்களைவிட உங்களுக்கு வேர்க்குது?” என்றார். நன்றாக வேர்த்தது. வேர்க்கட்டும்.

மார்ச் 27

இன்று முழுவதும் யாரும் அனலைசரைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. வேறென்ன வேண்டும்?

மாலையில் மேலாளர் அடுத்த உலையின் படத்தை என் மேஜைமேல் விரித்தார். “நீங்க பாத்து முடிக்கிற வரைக்கும் குழாய் வெட்ட வேணாம்னு சொல்லிட்டேன்” என்று சொல்லிவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.