கண்ணாடிக்குப் பின்னால் நடந்தவர்

22.01.2008, செவ்வாய்

ஒரு மணிக்கு மஸ்கட்டின் ரூவிக் கடைத்தெரு முழுக்க ஷட்டர் விழுந்துவிடும். நாலு மணி வரைக்கும் எல்லாருக்கும் சாப்பாடு, நித்திரை. நான் மட்டும் ஒபிசிலேயே இருந்துவிடுகிறேன். மூன்று மணிக்கு ரொறன்ரோவில் காலை ஆறு மணியாகிறதே! கொம்பியூட்டரில் அந்த ஊர்க் காலைச் செய்தி, தீப்பெட்டி அளவுப் படம். செய்தி சொல்லும் ஷெல்லி கோப்பிக் கோப்பையோடு "குட் மோர்னிங்" என்கிறாள். நான் பருப்புச் சோற்றுக் கையோடு "குட் மோர்னிங்" என்கிறேன். விசர்தான் எனக்கு. அவளுக்குப் பின்னால் பெரிய கண்ணாடி. அதற்கு வெளியே தெரு, பனி, கை காட்டிக்கொண்டு போகிற சனம். பார்க்கப் பார்க்க நானும் அந்த நடைபாதையில் மிதக்கிற மாதிரி இருக்கும்.

நிருபன் அந்த ஊரில்தான் இரவு டியூட்டி செய்துகொண்டு இருக்கிறார். இராஜரத்தினம் மாமா பேசிய சம்பந்தம். போட்டோ வந்து மூன்று மாசம். போனில் நல்ல பகிடிக்காரன். இந்த நாட்டில் நெட்டில் முகம் பார்த்துக் கதைக்கத் தடை. மாசி முடிய முதல் மறுமொழி சொல் என்று மாமா நெருக்கிறார். ஒரு மனிசன் நடந்து திரும்புவதைக்கூடப் பாராமல் என்னத்தைச் சொல்ல?

28.01, திங்கள்

நிருபனிடம் கேட்டேவிட்டேன். "ஒருநாள் அந்தக் கண்ணாடிக்கு முன்னால வாங்கோவன். நான் இஞ்சையிருந்து பாக்கிறன்."

 அவரோ, "ரீவிக்குக் கை காட்ட நான் என்ன சின்னப்பிள்ளையே?" சிரிக்கவில்லை. வேறு கதைக்கு மாறிவிட்டார். பகிடிக்காரன் இதுக்கு ஏன் பகிடி விடேல்லை?

30.01

அறையில் என்னோடு இருக்கும் ராதா, திருநெல்வேலிக்காரி: "ஏட்டி, மாப்பிள்ள பாக்க எல்லாரும் வீட்டுக்குப் போவாவ. நீ நியூசுக்குப் போறியா?"

06.02, புதன்

நிருபன் இன்றைக்கும் கண்ணாடிக்கு முன்னால் வரவில்லை. மேசையில் தலை வைத்தபடி ஒரு மத்தியானக் கனவு. ஷெல்லி தமிழில் காலநிலை சொல்கிறாள்: ரூவியில் கடும் பனி, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் இல்லை. மணிக்கூட்டுக் கோபுரம் வெள்ளையாக நிற்கிறது. எழும்பினால் கன்னத்தில் கீபோர்ட் அச்சு.

12.02, செவ்வாய்

நேற்றுப் போன் எடுத்து, "நாளைக்குப் போறன். நீலத் தொப்பி. வடிவாப் பாரும்" என்றார்.

வந்தார்! நிற்கவில்லை, கை காட்டவில்லை. நடந்தார். ஒவ்வொரு அடிக்கும் ஒரு பக்கம் சரிந்து சரிந்து. கோதாரி விழுந்த நெட், படம் விக்குது என்று மொனிற்றரில் ஒரு அடி போட்டேன். கண்ணாடியின் மற்ற அந்தம் வரைக்கும் போய்த் திரும்பி வந்தார். அப்போதுதான் பார்த்தேன், ஷெல்லி கோப்பையைத் தூக்கினாள், குடித்தாள், வைத்தாள். ஒரு தடங்கலும் இல்லை. பின்னால் போன மனிசி நேராகப் போனாள். சரிந்தது அவர் மட்டும்தான்.

நெட் நல்லாத்தான் வேலை செய்தது.

13.02

போனில் அவர்: "பாத்தீரோ?"

"ஓம்."

"வலது கால். தொண்ணூற்றஞ்சுச் சண்டையில ஷெல் பட்டது. உயரம் வச்ச சப்பாத்துப் போட்டா அவ்வளவு தெரியாது. நேற்று அதைப் போடேல்லை. மாமா எல்லாம் சரிவரப் பேந்து சொல்லுவம் எண்டு விட்டிட்டார். எனக்கும் வாய் வரேல்லை. அதுதான் நடந்தன்."

எனக்கு வந்த கோபம்! மூண்டு மாசம்! மாமா தெரிஞ்சே மூடி வச்சவர். இவருக்கு வாயில என்ன, கொழுக்கட்டையே? போனை வச்சிட்டன்.

18.02, திங்கள்

கோபம் போகேல்லை. ஆனா கண்ணை மூடினா அந்த நடைதான். இரவு டியூட்டி முடிச்சு, அந்தக் குளிருக்குள்ள, ஊரே பாக்கிற ரீவிக்குப் பின்னால, மறைச்ச காலைக் காட்டவெண்டு போன மனிசன். போனது காணாதெண்டு ஏன் திரும்பியும் வந்தவர்? முதல் தரம் நான் தவறவிட்டிருந்தா எண்டுதானே? ஐயோ, அந்த ரெண்டாந்தரம்தான் என்னை அழ வைக்குது.

21.02

நிருபனுக்குப் போன் எடுத்தேன். நெடுநேரம் கதைத்தோம். கொஞ்சம் சண்டையும். போனை வைக்க முதல் ஓம் சொல்லிவிட்டேன்.

10.04, வியாழன்

மாமா போனில் குசுகுசுத்தார். "பிள்ளை, கலியாணத்துக்கு மஸ்கட் சிவன் கோயில் வேண்டாம். சப்பாத்தைக் கழட்ட வேணும், அக்கினி சுத்த வேணும். சனம் பாக்கும். ஒரு ஹோட்டல்ல வைப்பம்."

"கோயில்தான் மாமா," என்றேன். "கனடா முழுக்கப் பாத்திட்டுது. இனி இஞ்சை பாக்க ஆர் மிச்சம்?"