காப்பாளர் கையொப்பம்

மகளுக்கு,

உனக்குப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்ததைக் கொண்டாட இன்று அலுவலகம் முழுவதற்கும் இனிப்பு வழங்கினேன். நம் வீட்டு முகவரிக்குத் தபாலில் வந்த சேர்க்கைக் கடிதத்தை உரக்க வாசித்தும் காட்டினேன். எட்டிப் பார்த்த தலைமை எழுத்தர், "சார், காப்பாளர்னு உங்க மச்சான் பேருல்ல போட்டிருக்கு. நீங்க இருக்கீங்கதானே?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரிக்க வேண்டியதாயிற்று.

சென்ற ஆண்டு உன் விண்ணப்பத்தை நான் என்ன செய்தேன் என்பதை இங்கே கிளற வேண்டாம். அதற்காக, நான் குத்துக்கல்லாக இருக்கையில் மாமாவிடம் போய்க் கையெழுத்து வாங்குவாயா? அவர் வீட்டிலேயே தங்கியும்விட்டாய்.

கடிதத்தோடு வந்த விடுதிப் படிவத்தில் பெற்றோர் கையொப்பம்தான் செல்லுமாம். மாமா எத்தனை பேனா வைத்திருந்தாலும் பயனில்லை. கையொப்பமிட்டு அனுப்பியிருக்கிறேன். இம்முறை கிழியக் கூடாதென்று இரண்டு அட்டைகளுக்கு நடுவே வைத்திருக்கிறேன்.

கோபம் தீராத,
அப்பா